சிவப்புப் புள்ளி வைத்த ஸ்க்ரூக்கள்

"என் கண்ணு முன்னாலதான் பிரிக்கணும். உள்ளே எடுத்துட்டுப் போற வேலையெல்லாம் வேண்டாம்."

ஷஹாத்தா கேமராவை மேசைமேல் வைத்தார். ஆனால் அதன் வாரைக் கையிலிருந்து விடவில்லை.

"உள்ளேன்னு ஒண்ணு இருந்தாத்தானே எடுத்துட்டுப் போக? கடையே இவ்வளவுதான் பெரியப்பா," என்றாள் இஜ்லால்.

அவர் தேடி வந்தது அவளுடைய அப்பாவை. சூயஸில் கேமரா ரிப்பேர் என்றால் மர்ஸூக் கடைதான். மர்ஸூக் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாராம். இப்போது அந்த இடத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். பொம்பளைப் பிள்ளை ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் விளங்கினாற்போலத்தான் என்று வாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வேறு வழியும் இல்லை. நாளைக் காலை ஹஜ் கப்பல் கிளம்புகிறது. ஏறப்போகிற ஒவ்வொரு குடும்பமும் துறைமுகத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு நாள் வரும்படியில்தான் அவர் வீட்டில் பாதி வருஷம் அடுப்பு எரிகிறது. இன்றைக்குப் பார்த்து இந்தப் பழைய ரஷ்யக் கேமராவின் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது.

"ஜப்பான் கேமரா ஒண்ணு இருக்கு. கை மாறினதுதான், ஆனா நல்லா ஓடும். நூத்தைம்பது பவுண்டு."

"என்கிட்ட இருக்கிறது இருபது."

"அப்ப இதையே பார்ப்போம்."

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். கெய்ரோவுல ஒருத்தன் என் லென்ஸைக் கழட்டி வச்சுக்கிட்டு, கீறல் விழுந்ததை மாட்டி அனுப்பினான். அன்னையிலேர்ந்து எவனையும் நான் நம்பறதில்லை. எவளையும்தான்."

"நம்ப வேண்டாம். உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். அவள் கையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலேயும் போகவில்லை. அந்நியப் பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கப்பலேறும் பெண்களைப் படம் எடுக்கும்போதுகூட, பக்கத்தில் நிற்கும் புருஷனின் மீசையைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைப்பார். நாற்பது வருஷத்தில் ஒரு படம் மங்கினதில்லை.

கடை மங்கலாகக் கிடந்தது. இருட்டில்தான் எதையும் மாற்ற வசதி.

"விளக்கைப் போட்டா கரண்டு பில்லு ஏறிடுமோ?"

"சுவிட்ச் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு. தாராளமாப் போட்டுக்கோங்க."

போட்டார். அவள் விரல் கேமராவின் மேல்மூடியில் ஊர்ந்து, சட்டென்று நின்றது.

"ஸ்க்ரூ தலையில எல்லாம் என்னமோ பூசியிருக்கீங்களே பெரியப்பா? வழவழன்னு இருக்கு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவனாவது ஸ்க்ரூவை மாற்றினால் தெரியட்டும் என்று, மனைவியின் சிவப்பு நகப்பூச்சை ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

"அது... துருப் பிடிக்காம இருக்க."

"துருவுக்கா? திருடனுக்கா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கழற்றிய ஸ்க்ரூக்களை அவள் ஒரு தகர மூடியில் வட்டமாக வைத்துக்கொண்டே போனாள். பிறகு மீன் முள்ளைவிடச் சன்னமான கம்பிகள், எள்ளளவு பல் சக்கரங்கள். ஒன்றுகூட உருளவில்லை.

"கடல் காத்து உள்ளே பூந்திருக்கு. எண்ணெய் கோந்து மாதிரி ஆயிடுச்சு. ஸ்பிரிங்கும் போச்சு."

பக்கத்து இழுப்பறைக்குள் கையை விட்டு, குப்பையாகக் கிடந்த நூறு ஸ்பிரிங்குகளில் ஒன்றை எடுத்தாள். அளந்து பார்க்கவில்லை. மாட்டினாள். சேர்ந்தது.

மூடுவதற்கு முன் கேமராவைக் காதோடு வைத்து அழுத்தினாள். க்ளிக்.

"ஷட்டர் வேகத்தை அறுபதுல வச்சேன். முப்பதுதான் ஓடுது."

ஊசியால் எதையோ மயிரிழை தள்ளினாள். க்ளிக்.

"அம்பது."

இன்னொரு மயிரிழை. க்ளிக்.

"இப்ப வந்துடுச்சு."

ஷஹாத்தா நாற்பது வருஷமாக அந்தச் சத்தத்தில் பிழைப்பவர். அவருக்கு மூன்றும் ஒரே சத்தம். கேமராவை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஷட்டர் ஓடியது. வாங்கிய அன்றுகூட இப்படி ஓடியதில்லை.

"சுப்ஹானல்லாஹ்," என்று வாய் தானாகச் சொன்னது. ஒரு மனுஷரின் கைவேலையைப் பார்த்து அவர் அப்படி அல்லாஹ்வைப் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. சிவப்புப் புள்ளிகளை எண்ணிப் பார்க்கவே மறந்துபோயிருந்தார்.

"இருபத்தஞ்சு ஆகுது பெரியப்பா."

"இருபதுதான்னு முதல்லயே சொன்னேன்ல?"

"மீதிக்கு என்னை ஒரு படம் எடுங்க. எங்கம்மாவும் நாளைக்கு அந்தக் கப்பல்லதான் போறா. என் படத்தைக் கையில வச்சுக்கிட்டு, கஅபா முன்னால நின்னு துஆ கேக்கணுமாம்."

"ராத்திரியே கழுவிக் கொண்டுவந்துடறேன். என்ன கேக்கப் போறாளாம், மாப்பிள்ளையா?"

"அதெல்லாம் இல்லை. அது அவ ஆசை, கேட்டுட்டுப் போறா. எனக்கு இருக்கிறதே போதும்."

பிலிமை மாட்டினார். அவள் வாசல் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஷஹாத்தா கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தி, பழக்க தோஷத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு மீசையைத் தேடினார். வெறும் சுவர். ஃபோகஸ் வைக்க அவள் முகம்தான் இருந்தது.

அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று முனகிக்கொண்டே, முதல் முறையாக அந்த முகத்தைப் பார்த்து வளையத்தைத் திருப்பினார். இரண்டாகத் தெரிந்த உருவம் மெல்ல ஒன்றாகச் சேர்ந்தது. பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்த இரண்டு விழிகளும் எங்கேயோ பார்த்திருக்க, அவள் ஷட்டர் விழும் சத்தத்துக்காகக் காதை மட்டும் கேமராவின் பக்கம் சாய்த்துக் காத்திருந்தாள்.