பச்சை மங்கு

“அது எங்கம்மா மங்கு. குடு சின்னம்மா.”

செல்லம் அழுதுகொண்டே கையை நீட்டினாள். கிருஷ்ணம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு சிரட்டையில் சுடுகஞ்சியை ஊற்றிப் பிள்ளை முன்னால் வைத்துவிட்டு, பச்சை மெருகு பளபளத்த பீங்கான் மங்கிலிருந்த பழைய கஞ்சியைத் தானே மடமடவென்று குடித்தாள்.

வாசலில் நின்ற ஐயாசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சலில் போன மூத்த தாரம் வெள்ளையம்மா, பத்து பாகாட் டவுன் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய மங்கு அது. தாய் புழங்கிய பாத்திரம் மகளுக்குத்தான். நாளைப்பின்னே அவள் கல்யாணச் சீரோடு போகவேண்டியது. இருட்டோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற வீடு என்பதால், செல்லத்தின் கஞ்சியை முதல்நாள் இரவே அதில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து மூடிவைப்பது வழக்கம்.

போன வாரம், “அந்த மங்கு இருக்கே, அதை எடுத்து உள்ள வெச்சிரலாமாங்க” என்று கிருஷ்ணம்மா ஆரம்பித்தபோதே, “செத்தவ மேல என்னடி பொறாமை” என்று அவள் வாயை அடைத்திருந்தான். இப்போது பிடுங்கியே கொண்டாள்.

“தாயில்லாப் பிள்ளைக்குச் சிரட்டை, மகாராணிக்கு மங்கா?” என்றான்.

“அவளுக்கு வயிறு சரியில்ல. சூடாக் குடிக்கட்டுங்க” என்றாள், தலை நிமிராமல்.

அன்றோடு அவளுடன் பேச்சை நிறுத்தினான். கூலாய்த் தோட்டத்தில் தொழிலாளிகள் குடியிருந்த லயமே மாற்றாந்தாய் புத்தி என்று அவளைக் கரித்துக்கொட்டியது. அவளோ விடாமல் அதே மங்கில், அதே பழைய கஞ்சியைக் குடித்தாள்.

செல்லம் முகம் தெளிந்து, லயத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாட ஆரம்பித்தாள். கிருஷ்ணம்மாதான் சோறு இறங்காமல் வெளுத்துப்போனாள். “மூத்தவ சும்மா விடுவாளா?” என்றார்கள் பெண்கள். ஐயாசாமியும் அப்படித்தான் நினைத்தான், பாவி.

மழை மாதத்தில் ஒரு காலை, அவள் பால்மரத்தடியில் சுருண்டு விழுந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அவளே அறியாமல் வயிற்றில் தங்கியிருந்த கரு கலைந்துவிட்டது.

அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் சபாபதி, அவள் ஈறில் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்ததும், “எதுலம்மா சாப்பிடுற?” என்று கேட்டார். மங்கு வந்தது. கறுத்தால் கெடுதல் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அதில் காடி ஊற்றி இரவெல்லாம் வைத்திருந்து, மறுநாள் ஏதோ மருந்தைச் சொட்டினார். காடி மை மாதிரி கறுத்தது.

“மெருகுல ஈயம் இருக்கு. புளிப்புப் பட்டா இறங்கிரும். விஷம்யா இது” என்றார் ஐயாசாமியிடம். “பிள்ளை இதையே குடிச்சிட்டிருந்தா தங்கியிருக்காது.”

ஐயாசாமி கட்டில் ஓரம் போய் உட்கார்ந்தான். இத்தனை நாள் கழித்து அன்றுதான் அவளிடம் வாய் திறந்தான்.

“மூத்தவ பொருள்னு தெரிஞ்சும் பிடிவாதமா எடுத்துக்கிட்டியே. உன் ஆசை இப்படி வந்து முடிஞ்சிருச்சே, கிருஷ்ணம்மா.”

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். “காடி கறுத்துச்சாங்க?”

“கறுத்துருச்சு.”

“இனிமே பிள்ளைக்கு அதுல ஊத்திக் குடுக்க மாட்டீங்கள்ல?”

“மாட்டேன்.”

அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். கண்ணோரம் வழிந்ததை அவனே துடைத்துவிட்டான்.

“அந்த மங்குனாலதான் செல்லத்துக்கு வயித்துவலின்னு தோணுச்சு. சொல்ல வந்தா பொறாமைன்னீங்க” என்றாள். “அதான், நானே குடிச்சுப் பாத்தேன்.”