உடைந்த போனில் செலோமின் குரல்

"புருஷன் போய் ஒரு மாசம்கூட ஆகல. கறுப்புத் துணியோட சந்தைக்கு வந்து சண்டை போடறா பாரு!"

கருவாட்டுக்காரி சொன்னது ஜிஃபாவின் காதில் நன்றாகவே விழுந்தது.

"ஆமா, சண்டைதான் போடறேன். மீன் விக்கறவங்க வித்துக்கிட்டிருங்க, வேடிக்கை பார்க்கறவங்க தள்ளி நின்னு பாருங்க," என்றபடி நொறுங்கிய போன் ஒன்றை மாவுலியின் மேஜையில் வைத்தாள். டெனு சந்தையில் போன் ரிப்பேர் என்றால் மாவுலிதான்.

அவள் பின்னாலேயே வந்து நின்றார் அக்பெகோ. இறந்துபோன அவள் புருஷன் செலோமின் அண்ணன். பள்ளிக்கூட குமாஸ்தா, சர்ச்சில் பாட்டுக் குழு, தேய்த்த சட்டை, தோளில் லேப்டாப் பை. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன் என்று ஊரே சொல்லும்.

"ஊரைக் கூட்டாதே ஜிஃபா. தம்பியோட படகு யாருக்குன்னு சனிக்கிழமை குடும்பக் கூட்டத்துல பேசிக்கலாம்."

"அங்க நான் வாயால சொன்னா நம்புவீங்களா, மாமா? படகு எனக்குத்தான்னு அவரே இந்தப் போன்ல பேசிப் பதிஞ்சிருக்கார். என் பக்கத்துல உட்கார்ந்துதான் பேசினார்."

"அப்புறம் ஏன் போனை உடைச்சே?"

"நானா? சாவு விழுந்த அன்னிக்கே அவர் அறையைப் பூட்டி சாவியை எடுத்துக்கிட்டது யாரு? போன் உள்ளேதான் இருந்துச்சு. நேத்து நீங்க கதவைத் திறந்து விட்டா இப்படிக் கிடக்குது!"

"மூத்தவன் அறையைப் பூட்டறது நம்ம வழக்கம். நான் அந்தப் போனைத் தொடக்கூட இல்ல. நீதான் ஜன்னல் வழியா ஏறியிருப்பே. உள்ள இருக்கறது உனக்கு ஆகாத விஷயமா இருந்திருக்கும்."

கூட்டம் 'உச்' கொட்டியது. யார் பக்கம் என்று சொல்லவா வேண்டும்?

மாவுலி போனில் கேபிளைச் செருகினான். தன் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வரி தட்டினான். உதட்டைப் பிதுக்கினான்.

"போனுக்கு உயிர் இருக்கு அக்கா. ஆனா என் கம்ப்யூட்டரை உள்ளே விடமாட்டேங்குது. புதுசா ஒரு கம்ப்யூட்டர் வந்தா, 'இதை நம்பலாமா?'ன்னு போன் கேட்கும். நாம திரையில 'சரி'ன்னு தொடணும். திரைதான் செத்துப்போச்சே!"

"புதுத் திரை போடு."

"இந்த மாடலுக்கு அக்ராவுல இருந்து வரணும். சனிக்கிழமைக்குள்ள நடக்காது."

"வேற யார் கம்ப்யூட்டர்லயாவது போட்டுப் பாரேன்."

"எல்லாமே அதுக்கு அந்நியம்தான். முன்னாடி எப்பவாவது 'சரி' வாங்கின கம்ப்யூட்டரா இருந்தா மட்டும் கேள்வியே கேட்காம திறக்கும்."

"அவர் கம்ப்யூட்டர் பக்கமே போனதில்லையே..." ஜிஃபாவின் குரல் அன்று முதல் முறையாக இறங்கியது.

"அப்ப கதை முடிஞ்சுது," என்றார் அக்பெகோ. சொல்லிக்கொண்டே லேப்டாப் பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினார். அவள் நிற்காத பக்கத்துக்கு.

ஜிஃபா அதைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, உங்க லேப்டாப்பைக் கொடுங்க."

"எதுக்கு? அதுவும் அந்நியம்தானே?"

"அந்நியம்னா கொடுக்கறதுக்கு என்ன பயம்?"

"இது பள்ளிக்கூடத்துது. கண்டதையெல்லாம் செருக முடியாது."

"நான் ஜன்னல் ஏறினேன்னு சந்தை நடுவுல சொன்னீங்கல்ல? நானும் சந்தை நடுவுலதான் கேட்கறேன். இங்க கொடுக்கலைன்னா குடும்பக் கூட்டத்துல கேட்பேன். அங்கேயும் கொடுக்கலைன்னா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, நீங்க பாடிக்கிட்டிருக்கும்போது எழுந்து நின்னு கேட்பேன். கேட்பேனா மாட்டேனான்னு உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியும். போய்விடலாம் என்று திரும்பினால், சற்று முன் ஜிஃபாவைப் பழித்த அதே கருவாட்டுக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வழியில் நின்றாள்.

"கொடுத்துட்டுப் போங்களேன் சார். மடியில கனம் இல்லையே?"

லேப்டாப் மேஜைக்கு வந்தது. மாவுலி கேபிளை மாற்றிச் செருகி அதே வரியைத் தட்டினான்.

போன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திறந்துகொண்டது.

கூட்டத்தில் யாரும் 'உச்' கொட்டவில்லை.

"ஆனா அக்கா, குரல் பதிவு இருக்கற இடம் காலியா இருக்கே," என்றான் மாவுலி.

"பார்த்தியா? ஒண்ணுமே இல்ல!" அக்பெகோவுக்கு மூச்சு திரும்பியது.

மாவுலி ஒரு சோம்பேறி. ஒரு வரியை இரண்டு தடவை தட்டமாட்டான். மேல் அம்புக்குறியை அமுக்கினால் முன்பு தட்டிய வரிகள் தானாகவே வந்து நிற்கும், அதுதான் அவன் வழி. இப்போதும் அமுக்கினான். அவன் தட்டிய வரி வந்தது. இன்னொரு தடவை அமுக்கினான். அவன் தட்டாத வரிகள் வந்தன.

"சார், இதெல்லாம் நான் அடிச்சது இல்லையே. முதல்ல போன்ல இருந்ததை உங்க லேப்டாப்புக்கு நகல் எடுத்திருக்கீங்க. அப்புறம் போன்ல அழிச்சிருக்கீங்க."

நகல் லேப்டாப்பிலேயேதான் இருந்தது. தட்டியதும் இருமலோடு செலோம் பேசினான்.

"ஜிஃபா, படகு உன்னோடது. நீ அடுப்புப் புகையில கண்ணு எரிஞ்சு சேர்த்த காசுல வாங்கினது. அண்ணன் முறைப்பான். முறைச்சா முறைச்சுட்டுப் போறான்!"

கூட்டம் சிரித்தது. அக்பெகோ தரையைப் பார்த்தார்.

"அழிச்சீங்க, உடைச்சீங்க. இந்த நகலை மட்டும் எதுக்கு வெச்சிருந்தீங்க?" என்றாள் ஜிஃபா.

"தம்பி குரல்..." என்றார் அக்பெகோ.

மாவுலி நகலை ஜிஃபாவின் போனில் ஏற்றினான். போட்டுக் கேட்டு, சரி என்று தலையாட்டினாள்.

"இவர் லேப்டாப்புல இருக்கறதை அழிச்சிடவா அக்கா? ஒரே ஒரு வரிதான்."

"கையை எடுடா!" சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் ஜிஃபா. "நான் படகைத்தான் கேட்டேன். தம்பியைப் பறிக்கச் சொன்னேனா?"