ஓசியிலும் வேண்டாம்

பைக் பந்தயம் கட்டணச் சேனலுக்குப் போனதிலிருந்து, இத்தாலியின் இமோலா ஊரில் அத்திலியோவைப் போலப் புலம்பியவர் யாருமில்லை.

"முப்பது வருஷமா சும்மா பார்த்தோம். இப்ப அதுக்கும் சந்தாவாம், கொள்ளைக்காரனுங்க!"

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தாவிதேவுக்கு மனம் கேட்கவில்லை. ஞாயிறு மதியம், பந்தயம் தொடங்கும் நேரத்துக்கு, தன் டேப்லெட்டோடு இறங்கி வந்தான்.

"என் சந்தாவுல பார்க்கலாங்க ஐயா."

அத்திலியோவின் மனைவி நிவெஸ் வாசலிலேயே மறித்தாள்.

"அந்தச் சனியனை மூடி வை. வந்தது வந்துட்டே, சாப்பிட்டுப் போ."

"ஓசிதாங்க அம்மா!"

"ஓசின்னாலும் வேண்டாம்."

"அப்ப ஐயா பாருக்குப் போய்ப் பார்க்கலாமே?"

"இவளைத் தனியா விட்டுட்டா?" என்றார் அத்திலியோ.

பெண்டாட்டிக்கு இவ்வளவு பயமா என்று தாவிதேவுக்குச் சிரிப்பு வந்தது. லசான்யாவைச் சாப்பிடத் தொடங்கினான். நிவெஸ் மட்டும் தட்டைத் தொடவில்லை.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"கை, கால் எல்லாம் சரியா இருக்காடி? எங்கயும் விழலையே? அது போதும். எத்தனாவதா வந்தா எனக்கென்ன!"

போனை வைத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாவிதேவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் போடு தம்பி, முதல்லேருந்து. அறுபத்தி நாலாம் நம்பர், நீல பைக். அவதான் எங்க பொண்ணு."