சாட்சிக்கு என்ன உறவு?

"அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் உங்க கணவராமே?"

எதிர்த்தரப்பு மனுவிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார் வக்கீலம்மா. எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவின் கையில் தண்ணீர் டம்ளர் தளும்பியது.

"அவரா சொன்னார்?"

"அவர் எதுக்குச் சொல்றார்? டாக்டரோட அண்ணன் மகன் சொல்றார். மனுவுல எழுதியே கொடுத்திருக்கார்."

"ஓ" என்றார் நர்ஸம்மா. முகம் சட்டென்று வாடிவிட்டது.

டாக்டருக்குக் குழந்தை குட்டி கிடையாது. படுக்கையில் விழுந்த நாள்முதல் அவரைப் பார்த்துக்கொண்டது இந்த நர்ஸம்மாதான். போகும்போது மனிதர் வீட்டை இவர் பேருக்கு உயில் எழுதிவிட்டுப் போனார். உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத அண்ணன் மகன், துக்கத்துக்கு வந்த கையோடு வழக்குப் போட்டார்.

அவருக்குக் கிடைத்த துருப்புச் சீட்டு, சாட்சிக் கையெழுத்து. டாக்டருக்குப் புதுக் கண்ணாடி கொண்டுவந்த கடைக்காரரை, வந்ததுதான் வந்தீர்கள், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் உட்காரவைத்துவிட்டார். உயிலில் சாட்சி போட்டவருக்கோ, அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலால் ஒரு செங்கல்கூடக் கிடைக்காது. அது சட்டம். கையெழுத்துப் போட்டவர் கணவர்தான் என்று ஆகிவிட்டால் வீடு அண்ணன் மகனுக்கு. நர்ஸம்மாவுக்கோ அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

வக்கீலம்மா உயில் வழக்குகளிலேயே தலை நரைத்தவர். யாராவது கண்ணை மூடினால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் தனக்குத்தான் போன் வரும் என்று சொல்லிச் சிரிப்பார். இந்த வழக்குகளில் அவர் பார்க்காத ரகசியக் கல்யாணமா? டம்ளர் தளும்பியபோதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நானும் அவரும் வந்தும்மா..." என்று நர்ஸம்மா ஆரம்பித்தார். வக்கீலம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"என்கிட்ட எதையும் சொல்லாதீங்க. இங்க ஆமான்னு சொல்லிட்டா, கோர்ட்டுல உங்களை இல்லைன்னு சொல்லவைக்க என்னால முடியாது. அவங்ககிட்ட போட்டோவும் இல்லை, பதிவும் இல்லை. கேட்டா ஒரே வார்த்தை, இல்லை. வீடு உங்களுக்கு."

நர்ஸம்மா டம்ளரை மேஜைமேல் வைத்தார். பிறகு, அவரையும் கூண்டில் ஏற்றிக் கேட்பார்களா என்றார். முதலில் அவரைத்தான் என்றார் வக்கீலம்மா.

"அவர் என்ன சொல்வாரோ" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் நர்ஸம்மா. அந்தக் கண்ணில் தெரிந்த ஏக்கம் வக்கீலம்மாவையே என்னவோ செய்தது. பாவம், வீடு என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டார்.

சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கடைக்காரரிடம் சட்டம் எதையும் விளக்கவில்லை. தலையைச் சீவிக்கொண்டு வாருங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். அந்த மனிதருக்கு அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் தலையாட்டுவதோடு சரி, அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஊசி என்று பட்டப்பெயர். குத்துவது தெரியாது, வலி பிறகுதான் தெரியும். அந்தம்மா தினமும் மத்தியானம் உங்கள் கடைக்கு வருகிறார்களா என்று மெதுவாக ஆரம்பித்தார். கடைக்காரர் தலையாட்டினார். அவர்கள் கண்ணாடி போடுவதுண்டா? இல்லையென்று தலையாட்டினார்.

"கண்ணாடியே போடாதவங்களுக்குக் கண்ணாடிக் கடையில தினமும் என்ன வேலை?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"வியாபாரமும் இல்லை. உறவும் இல்லைன்னு அவங்க தரப்புல சொல்றாங்க. அப்ப அந்தம்மா உங்களுக்கு யாரு? நாலு பேர் முன்னாடி சொல்லக்கூடிய உறவுதானா?"

கடைக்காரருக்குக் காது மடல் சிவந்தது. கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தார்.

"என் மனைவி" என்றார்.

ஊசி வக்கீல் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். வக்கீலம்மா அவசரமாகக் கணக்குப் போட்டார். ஆனாலும் வேறு ஆதாரம் ஏது? நர்ஸம்மா திடமாக மறுத்துவிட்டால் இன்னும் சமாளித்துவிடலாம். இல்லைன்னு சொல்லுங்க, வீடு இன்னும் போயிடலை என்று காதோரமாகச் சொல்லி அனுப்பினார். நர்ஸம்மா கூண்டில் ஏறினார். சாட்சி சொன்னது உண்மையா என்று கேட்டதும் பொலபொலவென்று அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

"ஆமாங்க. அவர் என் புருஷன்."

வீடு போயிற்று.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. படித்துப் படித்துச் சொல்லியும் கைக்கு எட்டினதைக் கெடுத்துக்கொண்டீர்களே என்று பொரிந்து தள்ளினார். நர்ஸம்மாவின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. படிக்கட்டு ஓரம் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் நின்றிருந்த கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கல்யாணம் எப்பதான் நடந்தது? அதையாவது இப்ப சொல்லித் தொலைங்க."

"இன்னும் நடக்கலைம்மா" என்றார் நர்ஸம்மா. "இன்னிக்காவது கேப்பார், இன்னிக்காவது கேப்பார்னு தினமும் போய் அந்தக் கடையில உக்காந்திருந்தேன். ஒரு நாளும் கேக்காத மனுஷன், இன்னிக்கு இத்தனை பேர் முன்னாடி மனைவின்னு சொல்லிட்டார். ஒரு வீட்டுக்காக நான் இல்லைன்னு சொல்லவா?"