கண்ணால் போட்ட ஓட்டு

"அந்த டாக்டர்தான்ப்பா கொலைகாரன். எவ்வளவு வேணா பந்தயம்!" என்றாள் காண்ட்ராக்டரின் மனைவி.

"போன வாரம் மேனேஜர்னு அடிச்சுச் சொன்ன. அதுக்கு முன்னாடி அந்த விதவைப் பொண்ணு. அடுத்த வாரம் என்னையே பிடிச்சுக் குடுத்துடுவ போல" என்றார் அவளுடைய அப்பா. ரிட்டயரான ரயில்வே கார்டு.

ஆஸ்பத்திரி அறைச் சுவரில் டிவி. சனிக்கிழமை மாலைகளில் வரும் துப்பறியும் தொடரில் விளம்பர இடைவேளை. பங்களா முதலாளிக்குப் பாலில் விஷம் வைத்தது யார் என்று நாடே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

கட்டிலில் காண்ட்ராக்டர். கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் மேலிருந்து கால் தவறி விழுந்தவர். உயிர் தங்கியது. கையும் காலும் பேச்சும் போய்விட்டன. இமைகள் மட்டும் அசைந்தன. ஒரு தடவை மூடினால் 'ஆமாம்', இரண்டு தடவை மூடினால் 'இல்லை' என்று அவரைப் பழக்கியிருந்தாள் நர்ஸ். முதன்முதலாக அவர் 'ஆமாம்' சொன்ன நாளில், பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தவள் அவள்.

"மாப்பிள்ளையையே கேட்டுடலாமே!" என்றார் கார்டு.

"சரி, ஓட்டெடுப்பு" என்று நர்ஸ் அருகில் வந்தாள். "விதவையா சார்?"

இரண்டு தடவை.

"மேனேஜரா?"

இரண்டு தடவை.

"டாக்டரா?"

இரண்டு தடவை. மனைவியின் முகம் தொங்கிப்போனது.

"முதலாளியோட தம்பியா?"

இமைகள் ஒரே ஒரு தடவை மூடின. அழுத்தமாக மூடி, மெல்லத் திறந்தன.

"நல்லா இருக்கு போங்க! அந்தப் பச்சப்புள்ளையா? அண்ணன் பொணத்தைக் கட்டிக்கிட்டு எப்படி அழுதுச்சு!" என்று சிரித்தாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சின்னவரும் சிரித்தார். காண்ட்ராக்டரோடு சேர்ந்து தொழில் பார்த்தவர். இப்போது தொழிலையும் குடும்பத்தையும் ஒற்றை ஆளாகத் தாங்குபவர். தவறாமல் தினமும் வந்துவிடுவார்.

"கதை சரியாப் பிடிபடலை போல" என்றார், சுளையை வாயில் போட்டபடி.

அதன்பிறகு வாராவாரம் ஓட்டெடுப்பு நடந்தது. அந்தத் தம்பி, கொலை நடந்தபோது வெளிநாட்டில் இருந்தான் என்று துப்பறிவாளரே நிரூபித்துவிட்டார். அப்படியும் காண்ட்ராக்டர் மாறவில்லை. யார் பெயரைச் சொன்னாலும் இரண்டு தடவை. தம்பி என்றால் ஒரு தடவை.

"பிடிவாதம்! எங்க வீட்டுக்காரர் என்னைக்கு அடுத்தவங்க பேச்சைக் கேட்டிருக்கார்?" என்றாள் மனைவி.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அடிபட்ட மூளை மெல்ல மெல்ல மங்கிப்போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதுதான் ஆரம்பித்துவிட்டதோ?

கடைசி எபிசோடும், அவரை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளும் ஒன்றாக அமைந்தன. முடிவைப் பார்க்காமல் கிளம்பமாட்டேன் என்று மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சமையல்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

"சமையல்காரன்! நான் அப்பவே சொன்னேன்ல?" என்று துள்ளினார் கார்டு.

"நீங்க எப்பப்பா சொன்னீங்க? எல்லாம் முடிஞ்சப்புறம் கொடி ஆட்டுறது உங்க பழைய பழக்கம்!"

நர்ஸ் கட்டிலருகே குனிந்தாள். "பாத்தீங்கல்ல சார்? இப்பச் சொல்லுங்க. கொன்னது சமையல்காரரா?"

இரண்டு தடவை.

"தம்பியா?"

ஒரு தடவை.

டிவியில் சோப்பு விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. மனைவியின் கண்கள் நிறைந்துவிட்டன.

"நான்தான் சொன்னேனே, மண்டையில எதுவும் ஏறலைன்னு" என்றார் சின்னவர் மெதுவாக. "இனிமே இந்தக் கண் சிமிட்டுற வேலை வேண்டாம் சிஸ்டர். வீணா ஏன் பாடாப் படுத்தணும்? எங்க வீட்டு மாடி ரூமைத் தயார் பண்ணிட்டேன். இனி நானே பாத்துக்கிறேன்."

"நீங்க இல்லைன்னா நாங்க நடுத்தெருவுலதான் நின்னிருப்போம்" என்று மூக்கை உறிஞ்சினாள் மனைவி. "அவர் விழுந்த அன்னைக்கு மட்டும் மேல நீங்க கூட இல்லாம இருந்திருந்தா..."

"பழசெல்லாம் எதுக்கு, விடுங்க. நீங்க கீழ போய்ப் பில்லைப் பாருங்க. நான் வண்டியை வாசலுக்குக் கொண்டு வர்றேன்."

மூவரும் போனார்கள். டிவியை அணைத்துவிட்டு நர்ஸ் அவரருகே உட்கார்ந்தாள். கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது.

"சார், இது ஆஸ்பத்திரிதானே?"

ஒரு தடவை.

"உங்களுக்கு ரெண்டு பசங்களா?"

இரண்டு தடவை.

"ஒரே பொண்ணு. இல்லையா?"

ஒரு தடவை. கண்ணோரம் நீர் கோத்தது.

எல்லாம் சரி. ஒரு பிசகும் இல்லை. மூளை தெளிவாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன்?

சின்னவர் வழக்கமாக இருக்கும் ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, வண்டி வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று தூரத்திலிருந்தே அன்பொழுகக் கேட்டபடி வந்தார் சின்னவர்.

நர்ஸ் காண்ட்ராக்டரின் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள். "சார்... நீங்க இவ்வளவு நாளா சொன்னது டிவியில வர்ற தம்பியைத்தானே?"

இமைகள் ஒரு தடவை மூடித் திறந்தன. அப்பாடா என்று அவள் நிமிரப்போகையில், அவளையே பார்த்தபடி இன்னொரு தடவையும் மூடித் திறந்தன.

அவள் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.