பல் டாக்டர் வீட்டு நீச்சல் குளம்

"கண்ணு எரியுது, மூக்கு எரியுது! நீ என்னத்தய்யா சுத்தம் பண்றே?"

இடுப்பில் துண்டோடு நின்று பல் டாக்டர் கத்தினார். வீட்டுக்குப் பின்னால் ஆசை ஆசையாகக் கட்டிய நீச்சல் குளம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதில் ஊறிக் கிடப்பார். கரையேறிய பிறகு நாள் முழுக்க ஊருக்குச் சுத்தம் சொல்லிக் கொடுப்பார்.

குளம் சுத்தம் செய்ய வருபவர், குப்பை அள்ளும் வலையைக் கீழே வைத்தார். தயங்கினார்.

"பறவைங்கதான் டாக்டர். எச்சம் போட்டுடுதுங்க."

சமையலறை ஜன்னலில் டாக்டரின் மனைவி தலை தெரிந்தது.

"போன மாசம் என் தம்பி பசங்கதான் காரணம்னீங்க. இனிமே இந்தப் பக்கமே வராதீங்கன்னு விரட்டுனீங்க. தம்பி இன்னும் என்கூடப் பேசலை. இப்போ பறவையா?"

"உன் தம்பி பசங்களும்தான், பறவையும்தான். விடு, இதுக்கும் ஒரு வழி பண்றேன்."

பண்ணினார். முதலில் ஒரு பிளாஸ்டிக் பருந்து வந்தது. மறுநாளே அதன் தலையில் ஒரு காகம் ஜம்மென்று உட்கார்ந்து, அங்கேயே காரியத்தையும் முடித்தது. அடுத்து பளபளக்கும் நாடாக்கள். பறவைகள் அதில் முகம் பார்த்தன.

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளுயரத்துக்கு மேலே குளம் முழுக்க வலை கட்டினார். ஓரத்தில் இருந்த மரத்தையும் வெட்டிச் சாய்த்தார்.

"ஐயோ, கூட்டுல குஞ்சு இருந்துச்சுங்க!" என்று மனைவி பதறினார்.

"குஞ்சும் எச்சம்தானே போடும்?"

அந்த வாரம் குளம் சுத்தம் செய்ய வந்தவர் வெட்டிய மரத்தையும் நசுங்கிய கூட்டையும் பார்த்தார். கூட்டை எடுத்து ஓரமாக மண்ணில் வைத்தார்.

அடுத்த வாரம் டாக்டர் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஒரு குருவிகூட வரலை. ஆனாலும் எரியுது! நீதான் குளோரின் மருந்தை அள்ளிக் கொட்டுறே. இன்னியோட உனக்குச் சீட்டு கிழிஞ்சுது, போ!"

அவர் போகவில்லை; நேரே பின்பக்கம் குளத்துக்கு நடந்தார், டாக்டரும் பின்னாலேயே வந்தார். சின்னக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்தார். அதில் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டார். நிறம் மாறியது.

"மருந்து சரியாத்தான் இருக்கு டாக்டர். மருந்தோட மூத்திரம் சேர்ந்தாத்தான் இப்படி எரியும்."

"மூத்திரமா? யாரு?"

ஜன்னலில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சமா இருந்துச்சு. பசங்களை விரட்டுனப்போ வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் நானே பறவை மேல பழியைப் போட்டேன், பாவம் அந்தக் குஞ்சுங்க போயிடுச்சு. இப்போ இந்தக் குளத்துல இறங்குறது நீங்க ஒருத்தர்தான் டாக்டர்."