அம்மாவின் உயரம்

கூடைப்பந்து லீக்கின் வருடாந்திர வீரர் தேர்வில், டெரன்ஸ் எறிந்த பத்துப் பந்துகளில் ஒன்பது கூடைக்குள் விழுந்தன. ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. உயரம் ஓரங்குலம் குறைகிறதாம்.

"பையன் இன்னும் வளருவானான்னு பாக்கணும். நீங்க வாங்கம்மா, செவுத்தோட ஒட்டி நில்லுங்க" என்றார் அதிகாரி.

துணைக்கு வந்திருந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை அடக்கி நின்றாள்.

"குதிகாலத் தூக்காதீங்கம்மா."

அவள் அசடு வழியச் சிரித்துப் பாதத்தைத் தரையில் பதித்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். பந்தை எண்ணாதவர்களுக்கு அம்மாவின் குதிகால் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. டெரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரியின் பென்சிலைப் பிடுங்கி, அம்மா எக்கி நின்றபோது தலை எட்டிய இடத்தில் சுவர் பெயர அழுத்திக் கோடு போட்டான்.

"எங்கம்மா ஒசரம் இதுதான்" என்று பென்சிலை நீட்டினான். "எழுதுங்க."